மலையடிவாரத் தோட்டத்துக்குப் பழைய மினி டிராக்டர் வாங்குவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புளியங்குடி, கடையநல்லூர், செங்கோட்டை, கடையம், பாபநாசம், களக்காடு, திருக்குறுங்குடி, பணகுடி என்று மலையை ஒட்டிய ஊர்களில் எலுமிச்சையும் மாவும் நெல்லியும் வைத்திருப்பவர்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் பழைய மினி டிராக்டர் விசாரிக்கத் தொடங்குவது வழக்கம். தரகரிடம் கேட்கும் முதல் இரண்டு கேள்விகள் எப்போதும் ஒன்றுதான்: எத்தனை ஹெச்.பி.? எந்த வருஷ மாடல்? ஆற்றுப்பாசன வயலுக்கு வாங்குகிறவருக்கு இந்த இரண்டு கேள்வியே போதும். பொத்தை எனும் சிறு குன்றுச் சரிவிலும் சரள்காட்டிலும் ஓட்டப்போகிறவர் இவற்றைக் கடைசியில் கேட்டால் போதும்.

ஹெச்.பி. ஏன் கடைசி என்பதற்கு ஒரு கணக்கு. வண்டியும் டிரெய்லரும் பாரமும் சேர்ந்து 2 டன். நூறடிக்குப் பதினைந்தடி ஏறும் மண்பாதை. வேகம் மணிக்கு 5 கி.மீ. இந்த ஏற்றத்துக்கு மட்டும் தேவைப்படுவது ஐந்தரை ஹெச்.பி. மண்ணின் இழுப்பைச் சேர்த்தாலும் பத்தைத் தாண்டாது. 15 ஹெச்.பி. வண்டிக்கே இதற்குத் தெம்பு உண்டு. ஆனாலும் ஏற்றத்தில் நின்றுபோகிறது என்றால், எஞ்சினில் குறை இல்லை. சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லாமல் சரளை வாரி இறைத்துக்கொண்டு நிற்கிறது. அங்கே 27 ஹெச்.பி.யைக் கொண்டு நிறுத்தினாலும் இன்னும் வேகமாக வாரி இறைக்கும், அவ்வளவுதான்.

வண்டி பார்க்கப் போகும் முன் சொந்த நிலத்தை அளந்துகொள்ளுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டமும் ஒரு மீட்டர் நேர்ச்சட்டமும் போதும். சட்டத்தின் ஒரு முனையை மேட்டுப் பக்கம் தரையில் வைத்து, மறுமுனையை ரசமட்டம் நேராகும்வரை தூக்கி, தூக்கிய முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். 18 செ.மீ. வந்தால் சரிவு 10 டிகிரி, 27 செ.மீ. வந்தால் 15, 36 செ.மீ. வந்தால் 20. வண்டி திரும்பும் இடங்களிலும் ஓடைக்கரையிலும் கட்டாயம் அளக்க வேண்டும். நிலத்தின் நடுப்பகுதி 8 டிகிரி இருக்கும், ஓரம் 18 இருக்கும். பெரும்பாலும் கவிழ்வது ஓரத்தில்தான். சரிவுக்குக் குறுக்கே ஓட்டுவதற்கு 10 டிகிரி வரை சரி. 15 என்பது தேர்ந்த ஓட்டுநருக்கும் கடைசி எல்லை. அதற்கு மேல் உள்ள இடத்தை டிராக்டர் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பவர் வீடரும் புல்வெட்டும் மெஷினும் ஆளும்தான்.

இந்த எல்லை ஏன் இவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று பலர் கேட்பார்கள். எலுமிச்சை வரிசைக்குள் புக வேண்டும் என்று சக்கரத்தை உள்ளே தள்ளிக் குறுக்கி மாட்டிய வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சக்கர நடுவிலிருந்து நடுவுக்கு 75 செ.மீ., கனமையம் (மொத்த எடையும் குவியும் புள்ளி) தரையிலிருந்து 60 செ.மீ. உயரம். காகிதக் கணக்கில் அது 32 டிகிரியில் கவிழும். 15 டிகிரிச் சரிவில் குறுக்கே போகும்போது மேல்பக்கச் சக்கரம் 15 செ.மீ. கல்லில் ஏறி, அதே நேரம் கீழ்ப்பக்கச் சக்கரம் காட்டுப்பன்றி கிளறிய 10 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால், சாய்வு இன்னொரு 19 டிகிரி கூடுகிறது. மொத்தம் 34. வண்டி உருண்டுவிட்டது. அதே வண்டியின் சக்கரத்தை 100 செ.மீ.க்கு அகட்டியிருந்தால் கவிழும் எல்லை 40 டிகிரி. அதே கல்லுக்கும் பள்ளத்துக்கும் மொத்தச் சாய்வு 30-ஐத் தொடாது. ஆகவே வண்டியைப் பார்த்ததும் டேப்பை எடுத்துப் பின்சக்கர அகலத்தை அளந்துவிடுங்கள். பெரும்பாலான மினி டிராக்டர்களில் பின்சக்கரத்தின் டிஸ்க்கைத் திருப்பி மாட்டி அகலத்தைக் கூட்டலாம். அப்படி மாட்டும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள அம்புக்குறி முன்னோக்கி உருளும்படி இருக்க வேண்டும். தலைகீழாக மாட்டினால் மண் வழியாது, பிடிமானமும் போகும். மாட்டிய முதல் இரண்டு மூன்று மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். பின்டயர்களில் வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு, தண்ணீர் நிரப்பினால் கனமையம் இறங்கும், பிடிமானமும் கூடும். பழைய வண்டியில் ஏற்கெனவே தண்ணீர் நிரப்பியிருந்தால் வால்வைச் சுற்றி ரிம் துருப்பிடித்திருக்கிறதா என்று குத்திப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாட்டைச் சொல்லியாக வேண்டும். மண் அரிப்பைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே உழு என்கிறது வேளாண்மை. கவிழாமல் இருக்க மேலும் கீழுமாக ஓட்டு என்கிறது டிராக்டர். இரண்டும் உண்மைதான். 10 டிகிரிக்குள் குறுக்கே, சம உயர வரப்பை ஒட்டி உழலாம். அதைத் தாண்டினால் மேலும் கீழுமாக உழுது வைப்பது, சாரலுக்கும் அடைமழைக்கும் வாய்க்கால் வெட்டிக் கொடுப்பதற்குச் சமம். மேல்மண் ஒரே மழையில் ஓடைக்குப் போய்விடும். அந்த நிலத்தில் உழவே வேண்டாம். வரிசைக்கு நடுவே புல்லை விட்டு வெட்டிப் போட்டு, மரத்தடியில் மட்டும் கையால் வட்டப்பாத்தி எடுப்பதே சரி.

அடுத்தது ஃபோர் வீல், அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சினின் இழுப்பு போகும் வண்டி. ஏற்றத்துக்கு மட்டும்தான் ஃபோர் வீல் வேண்டும் என்ற நினைப்பு தவறு. அது அதிகம் உதவுவது இறக்கத்தில். இந்த ரக வண்டிகளில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான். இறங்கும்போது பாரம் முன்னால் சாய, பின்சக்கரம் இலேசாகி, பிரேக் மிதித்த மாத்திரத்தில் பூட்டிக்கொண்டு சரளில் வழுக்கும். ஃபோர் வீல் போட்டிருந்தால் முன்சக்கரமும் அதே கியர் வரிசையில் பிணைந்திருப்பதால், பின்பிரேக்கின் பிடி நான்கு சக்கரத்துக்கும் போகிறது. ஆகவே சரிவு நிலத்துக்குப் பழைய டூ வீல் வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் யோசிக்க வேண்டும். 15 ஹெச்.பி. ஒற்றைச் சிலிண்டர் டூ வீல் வண்டிகளுக்கு உதிரிபாகம் எளிதில் கிடைக்கும், டீசலும் சிக்கனம். சமதளத் தென்னந்தோப்புக்கு அருமையானவை. மலையடிவாரத்துக்கு மஹிந்திரா ஜிவோ 245, குபோட்டா நியோஸ்டார், வி.எஸ்.டி., ஜான் டீர் 3028 போன்றவற்றின் ஃபோர் வீல் மாடல்களைத்தான் தேட வேண்டும்.

ஃபோர் வீல் லீவர் இருப்பது வேறு, ஃபோர் வீல் வேலை செய்வது வேறு. எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். லீவரைப் போட்ட நிலையில் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சிறிது ஆடி, நின்றுவிட வேண்டும். லீவரை எடுத்தால் தாராளமாகச் சுற்ற வேண்டும். போட்டபோதும் சுற்றினால் உள்ளே கப்ளிங்கோ பல்லோ போயிருக்கிறது. நிற்கும் முன் ஆடுகிற ஆட்டம் பெரிதாக இருந்தால் தேய்மானம் பெரிது. அப்படியே அந்தச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கிங்பின், பேரிங் ஆட்டம் தெரிந்துவிடும். முன் அச்சின் நடுப்பின் தேய்ந்த வண்டி சரிவில் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது.

முன்டயரின் அளவையும் படித்துப் பாருங்கள். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சில சதவீதம் கூடுதலாக உருளும்படிதான் கம்பெனி பல் கணக்கு வைத்திருக்கும். யாரோ கிடைத்த அளவில் முன்டயரை மாற்றியிருந்தால் அந்தக் கணக்கு கெட்டு, கெட்டித்தரையில் ஓடும்போது முன்கியருக்கும் பின்கியருக்கும் இழுபறி நடக்கும். கடைசியில் உடைவது முன் பெவல் பல். தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டே ஓட்டப்பட்ட வண்டியிலும் இதே கதைதான். முன்டயரின் பூ மட்டும் மழுங்கி, பின்டயர் புதிதுபோல் இருந்தால் சந்தேகப்படலாம். டயரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்கள் அது செய்த வாரமும் வருஷமும்: 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். 2022 மாடல் என்று சொல்லும் வண்டியில் 2017 டயர் இருந்தால் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்.

பிரேக்கை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். இடது, வலது மிதிகளைப் பிணைக்கும் கொக்கி பல பழைய வண்டிகளில் காணாமல் போயிருக்கும். வயலில் ஒற்றை மிதியால் திருப்பிப் பழகியவர்கள் கழற்றிப் போட்டுவிடுவார்கள். சரிவில் ஒற்றை மிதி அழுந்தினால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழலும். அது கவிழ்வதற்கு நேர்வழி. கொக்கியைப் போட்டு, மெதுவாக ஓட்டி, இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிக்கிறதா என்று மண்ணில் உள்ள தடத்தைப் பாருங்கள். பிறகு உண்மையான சரிவில் நிறுத்தி, கைபிரேக் மட்டும் போட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். ஆயிலில் மூழ்கிய டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது, சேறும் தண்ணீரும் புகாது. ஆனால் தேய்ந்தால் அச்சுப் பெட்டியைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும் என்பதால் கூலி அதிகம். உலர் பிரேக் வண்டியில் பின் அச்சின் ஆயில் சீல் கசிந்து லைனிங்கை நனைத்திருக்கும். சக்கரத்தின் உட்புறம் கருப்பாக வழிந்திருந்தால் அதுதான்.

இனி, விலையைவிட முக்கியமான ஒரு கேள்வி: இந்த வண்டி இதுவரை எந்த மண்ணில் வேலை செய்தது? நம் மாவட்டத்தில் விற்பனைக்கு வரும் பல வண்டிகள் தாமிரபரணிப் பாசன வயலில் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டித் தொளி (சேற்றுழவு) அடித்தவை. மணிக்கணக்கில் அச்சளவு சேற்றில் நின்றவற்றுக்குள் சீல் வழியாகத் தண்ணீர் போகும். வெளியே பெயிண்ட் அடித்துவிடலாம், உள்ளே அடிக்க முடியாது. காலையில் வண்டியை நகர்த்தும் முன், கியர்பெட்டியின் அடி வடிகால் போல்ட்டைச் சற்றே தளர்த்தி முதலில் சொட்டுவதைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் இரவில் அடியில் தங்கியிருக்கும். தெளிந்த தண்ணீரோ மோர் நிறத்தில் எண்ணெயோ வந்தால் பேரிங்குகள் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கும். பல மாடல்களில் கியர், ஹைட்ராலிக், பிரேக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய் என்பதால் கேடும் மூன்றுக்கும் சேர்ந்தே வரும். முன் அச்சுப் பெட்டியிலும் இதையே செய்ய வேண்டும். அதை யாரும் பார்ப்பதில்லை.

செங்கலும் மணலும் இழுத்த வண்டியின் அடையாளம் வேறு. டிரெய்லர் மாட்டும் டிராபாரின் ஓட்டை வட்டமாக இல்லாமல் முட்டைபோல் நீண்டிருக்கும். கிளட்ச் மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு மினுங்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வரும்போது பின்னால் கூவுகிற சத்தம் வந்தால் பின் அச்சின் கிரவுன் பினியன் பல் போய்க்கொண்டிருக்கிறது. மண்ணைக் கிளறும் சுழல்கலப்பையான ரோட்டவேட்டரே கதியென்று ஓடிய வண்டியில், கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் பற்கள் கத்திமுனைபோல் கூராகியிருக்கும். ஓடிய மணிக்கணக்கைக் காட்டும் ஹவர் மீட்டரை இந்தத் தடயங்களுக்குப் பிறகுதான் நம்ப வேண்டும். கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டுவது ஒரு நிமிட வேலை.

எஞ்சினைப் பொறுத்தவரை, நாம் போகும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் காலையிலேயே கிளப்பிச் சரிபார்த்திருக்கிறார்கள், மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டும் திறங்கள். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஓடும்போது குமிழி வந்தாலோ ஹெட் கேஸ்கட் போயிருக்கிறது. எஞ்சின் ஆயில் அளவுக்கோட்டுக்கு மேலே ஏறி, டீசல் வாடை வந்தால் பம்பு உள்ளே கசிகிறது. நீலப்புகை நிற்காமல் வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை என்றால் நாசிலிலோ கம்ப்ரெஷனிலோ குறை. 50 ஹெச்.பி.க்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியிலிருந்து கடுமையான புகை விதி வந்துவிட்டது. மினி வண்டிகளில் பெரும்பாலும் பழைய மெக்கானிக்கல் பம்புதான் என்பதால் உள்ளூர்ப் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ளலாம். சரிவில் ஓடும் எஞ்சினுக்கு இரண்டு விதி உண்டு. எஞ்சின் ஆயில் எப்போதும் மேல்கோட்டில் இருக்க வேண்டும். டீசல் கால் டேங்குக்குக் கீழே போகக்கூடாது; சாய்வில் உறிஞ்சும் குழாய் காற்றை இழுத்து எஞ்சின் நின்றுவிடும். பவர் ஸ்டியரிங் வண்டியில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

ஹைட்ராலிக்கைக் குளிர்ந்தபோது சோதித்தால் எல்லா வண்டியும் நல்ல வண்டியே. அரைமணி நேரம் வேலை செய்து எண்ணெய் சூடான பிறகு, கலப்பையை மேலே தூக்கி, எஞ்சினை அணைத்துப் பாருங்கள். கண்ணெதிரே இறங்கினால் சிலிண்டர் சீலோ வால்வோ கசிகிறது. தூக்கியபடி நிற்கையில் விட்டுவிட்டுத் துள்ளினாலும் அதே காரணம்தான்.

கிளட்ச் ஒற்றையா, இரட்டையா என்று கேளுங்கள். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் புல்வெட்டியோ ரோட்டவேட்டரோ சுழலும்போது கிளட்சை மிதித்தாலும், சுழலும் கருவியின் வேகம் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து வண்டியைத் தள்ளும். வரப்பு விளிம்பில் இது ஒரு அடி தள்ளினால் போதும். பி.டி.ஓ.வில் ஒருவழிக் கப்ளிங் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. கல் நிலத்தில் ரோட்டவேட்டரைக் குறைத்து ஐந்து கொக்கிக் கலப்பை வைத்துக்கொள்வது மேல். கத்தி உடைவதும் மிச்சம், கியருக்கும் நல்லது.

பாதுகாப்புக் கம்பி விஷயத்தில் ஏமாறாதீர்கள். சீட்டுக்குப் பின்னால் அச்சுப் பெட்டியோடு போல்ட் போட்ட, கம்பெனி கொடுத்த வளைவுக் கம்பிதான் கவிழும்போது ஓட்டுநரைக் காக்கும். வெல்டிங் பட்டறையில் வைத்த வெயில் கூரை காக்காது. உயரத்தில் பாரம் ஏற்றியதுதான் மிச்சம். கம்பி உள்ள வண்டியில் சீட் பெல்ட் கட்டாயம் போட வேண்டும். கம்பி இல்லாத வண்டியில் பெல்ட் போடக்கூடாது. மடிக்கும் கம்பியை எலுமிச்சைக் கிளைக்காக மடித்தால், வரிசையை விட்டு வெளியே வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும். மரக்கட்டையோ மாட்டிக்கொண்ட வண்டியோ இழுக்கும்போது சங்கிலியை டிராபாரில் மட்டும் மாட்டுங்கள். கலப்பையைப் பிடிக்கும் மேல்கம்பியான டாப் லிங்கிலோ அச்சுக்கு மேலோ மாட்டி ஏற்றத்தில் இழுத்தால் முன்சக்கரம் தூக்கிப் பின்பக்கமாக மல்லாந்துவிடும். கிளட்சை மிதிக்க நேரம் இருக்காது. இறக்கத்தில், ஏறுவதற்குப் போடும் அதே கியரில் இறங்க வேண்டும். நடுவில் கியர் மாற்றவோ கிளட்சை மிதிக்கவோ கூடாது. பிரேக் இல்லாத டிரெய்லரில் வண்டியின் சொந்த எடைக்கு மேல் ஏற்றினால் இறக்கத்தில் டிரெய்லர்தான் ஓட்டுநர்.

காகிதங்கள் பற்றிச் சுருக்கமாக. எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் பென்சிலால் தேய்த்து எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வங்கிக் கடன் பதிவு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கடன் தீர்ந்ததைக் குறிக்கும் படிவம் 35-ம் வங்கியின் தடையில்லாச் சான்றும் இல்லாமல் முழுப்பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். புனலூர்ப் பக்கமிருந்து கேரளப் பதிவு வண்டி மலிவாக வரும்; படிவம் 28 தடையில்லாச் சான்று கையில் வந்த பிறகே மலிவு. 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும்.

விலை பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய வண்டியின் விலையை, விற்பவர் அன்று கொடுத்த விலையோடு ஒப்பிடக் கூடாது. அதே மாடல் புதிய வண்டியின் இன்றைய விலையோடு ஒப்பிட்டு, மேலே சொன்ன சோதனைகளில் தெரிந்த செலவையும் கழித்துத்தான் பேச வேண்டும். வருஷத்துக்கு 100 மணி நேரம்கூட வேலை இல்லாத தோட்டக்காரர் வாங்கவே வேண்டுமா என்பதும் யோசிக்கத்தக்கது. வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டரை உழவன் செயலியிலேயே கேட்கலாம்.

பழைய டிராக்டர் விற்போருக்கும் வேளாண்மைப் பொறியியல் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். தென்காசி, அம்பாசமுத்திரம், வள்ளியூர் வட்டாரங்களில் வண்டியைத் தார் ரோட்டில் ஓட்டிக் காட்டித்தான் விற்கிறார்கள். விற்பனை வளாகத்தின் ஓரத்தில் 10 டிகிரியில் ஒன்று, 15 டிகிரியில் ஒன்று என இரண்டு சரள் மேடு போட்டு வைத்தால், வாங்குகிறவர் தானே ஏற்றி இறக்கி, கைபிரேக் போட்டு நிறுத்திப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பார். இரண்டு டிப்பர் சரளும் ஒரு நாள் ஜே.சி.பி. வாடகையும்தான் செலவு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கடையம்.